உரிமைச் சங்கத்தில் சேர்ந்தால் பாட்டு என் கையை விட்டுப் போய்விடுமா?

வரிக்குயில்:

வணக்கம். நான் பாட்டு எழுதுகிறவள், மெட்டமைக்கத் தெரியாது. நான்கு வருடமாக ஒரு நண்பரோடு சேர்ந்து 14 பாடல்கள் வெளியிட்டிருக்கிறோம். எல்லாம் தனிப்பாடல்கள், படத்துக்கு எழுதியவை இல்லை. மெட்டும் இசைக்கோர்ப்பும் அவர், வரிகள் நான், பாடுவது வேறொரு தோழி. டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றுவதை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பணம் அவர் கணக்குக்கு வரும், வந்த அன்றே எனக்குப் பாதியை அனுப்பிவிடுவார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன மாதம் எங்கள் பாட்டு ஒன்று வானொலியில் ஒலிபரப்பானது. அதைக் கேட்டவர் ஒருவர், "சொசைட்டியில் பதிந்திருக்கிறாயா? இல்லையென்றால் உனக்கு வர வேண்டியது எங்கேயோ கிடக்கும்" என்றார். அவர் சொன்னது பாடல் உரிமைச் சங்கத்தை. அன்றிரவே அதன் சேர்க்கைப் படிவத்தை இறக்கிப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், இதுவரை எழுதியவை, இனி எழுதப்போகிறவை எல்லாவற்றின் பொது நிகழ்த்துரிமையையும் (பொதுவில் பாடவும் ஒலிக்கவும் அனுமதி தரும் உரிமை) சங்கத்துக்கு எழுதிக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி. அதோடு மூடி வைத்துவிட்டேன். இனி எழுதப்போகிறதையுமா எழுதிக்கொடுக்க வேண்டும்? நாளைக்கு என் பாட்டை நானே எங்காவது பயன்படுத்த அவர்களிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டுமா?

இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டர் தருவதும் ராயல்டிதானே? அப்படியானால் சங்கம் தருவது எது? நண்பருக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை, நான் மட்டும் தனியாகச் சேர முடியுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி:

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்றது பாதி புரிந்த மாதிரி.

நீங்கள் வெளியிட்ட ஒவ்வொரு ட்ராக்கிலும் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு, அதாவது வரியும் மெட்டும். யார் பாடினாலும், எந்த வாத்தியத்தில் வாசித்தாலும் அதே பாட்டுதான். இன்னொன்று ஒலிப்பதிவு, உங்கள் தோழி அன்றைக்கு மைக் முன்னால் நின்று பாடி, மிக்ஸிங் முடிந்து வந்த அந்தக் குறிப்பிட்ட ஃபைல். டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வருவது பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கான பணம். பாட்டுக்கான பணம் வேறு வழியில், உரிமைச் சங்கங்கள் அல்லது பப்ளிஷர் (பாட்டின் உரிமையைக் கவனிக்கும் பதிப்பாளர்) மூலமாகத்தான் வரும். ஆக உங்கள் நண்பர் இதுவரை உங்களுக்கு அனுப்பியது அவருடைய ஒலிப்பதிவுப் பணத்தில் பாதி. சட்டப்படி அதில் பாடலாசிரியருக்குத் தானாக உரிமை எதுவும் வந்துவிடாது. நல்ல மனிதர், கொடுக்கிறார். பாடலாசிரியராக உங்களுக்கு உரியதோ இன்னும் ஒரு காசுகூட வந்திருக்காது, நீங்கள் எந்தச் சங்கத்திலும் பப்ளிஷரிடமும் இல்லை என்பதால்.

எண்களைப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரியும். ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட குறியீடு உண்டு, டிஸ்ட்ரிபியூட்டரே கொடுத்திருப்பார். பாட்டுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று தனி எண், 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். ஒரே பாட்டை ஐந்து பேர் பாடிப் பதிவு செய்தால் ஐ.எஸ்.ஆர்.சி. ஐந்து, ஐ.எஸ்.டபிள்யூ.சி. ஒன்றுதான். பாட்டு பதியப்பட்டால்தான் அந்த எண் கிடைக்கும். உங்கள் 14-க்கும் இப்போதைக்கு அது இருக்காது என்றே நினைக்கிறேன்.

வானொலி, தொலைக்காட்சி, மேடைக் கச்சேரி, கடைகளிலும் விடுதிகளிலும் ஓடும் இசை, ஸ்ட்ரீமிங்கில் பாட்டின் பங்கு, இதெல்லாம் சங்கம் வசூலிக்கும் இடங்கள். ஒரு வானொலி நிலையம் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பாடலாசிரியராகத் தேடிப்பிடித்து அனுமதி வாங்க முடியாது, நீங்களும் ஒவ்வொரு நிலையமாக ஏறி இறங்க முடியாது. அதற்காகத்தான் சங்கம் மொத்தமாக ஒரே உரிமம் கொடுத்து, எது எவ்வளவு ஒலிபரப்பானது என்ற பட்டியலை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறது.

பழைய_கோப்பு:

நான் ஒரு உரிமைச் சங்கத்தில் படைப்புகளைப் பதியும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன், இப்போது இல்லை. எந்தச் சங்கம் என்பது வேண்டாம், வேலை எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"எழுதிக்கொடுப்பது" என்ற சொல் பயமுறுத்துகிறது, நியாயம்தான். சேர்கிற பாதிப் பேர் அந்த வரியில்தான் நின்றுவிடுவார்கள். நீங்கள் கொடுப்பது குறிப்பிட்ட சில உரிமைகளை நிர்வகிக்கும் அதிகாரத்தை. பொது நிகழ்த்துரிமை, ஒலிபரப்பு உரிமை, சில சங்கங்களில் பிரதியெடுக்கும் உரிமையும் சேரும். பாட்டை எழுதியவர் என்ற இடம் உங்களுடையதே. பெயர் போடச் சொல்லும் உரிமையும், வரிகளைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையிலேயே தனியாகச் சொல்லப்பட்டவை, பணம் சார்ந்த உரிமையைக் கொடுத்த பிறகும் அவை ஆசிரியரிடம்தான் இருக்கும். உங்கள் பாட்டை விளம்பரத்திலோ படத்திலோ காட்சியோடு சேர்ப்பதற்கான அனுமதியையும் பல சங்கங்கள் தொடுவதில்லை, அது உங்கள் கையிலேயே இருக்கும். பத்திரத்தில் இதை மட்டும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

இனி எழுதப்போகிறவை ஏன்? உறுப்பினர் ஒவ்வொருவரும் "இந்தப் பாட்டு உண்டு, அந்தப் பாட்டு கிடையாது" என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் சங்கத்தால் வானொலிக்கு மொத்த உரிமம் தர முடியாது. எல்லாப் பாட்டும் இதில் அடக்கம் என்று சொல்ல முடிந்தால்தான் பேரம் பேசும் வலுவே வரும். அது நிஜமான காரணம். ஆனால் அதற்கு விலையும் இருக்கிறது, உங்கள் இரண்டாவது பயம் வீண் பயம் இல்லை. பிரத்தியேகமாக எழுதிக்கொடுத்த பிறகு, "என் பாட்டை இந்த நிகழ்ச்சியில் இலவசமாகப் போடுங்கள்" என்று நீங்களே சொன்னாலும் நடத்துபவர் சங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். சொந்த இணையதளத்தில் போடுவதற்குச் சில சங்கங்களில் தனி விதி இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கொண்டுவந்த உத்தரவில் உறுப்பினர்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்குத் தாங்களே அனுமதி தரலாம், எந்த வகை உரிமை, எந்த நாடு என்று பிரித்தும் கொடுக்கலாம், முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம், அந்த அறிவிப்புக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. உங்கள் சங்கம் எந்தச் சட்டத்துக்குக் கீழ் வருகிறதோ அதைப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்றாம் பக்கத்தைப் போலவே விலகல் விதியையும் படியுங்கள், அது வழக்கமாகக் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

தனியாகச் சேரலாம். ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்குத்தான் உறுப்பினர். நீங்கள் பாட்டைப் பதியும்போது நண்பர் பெயரையும் அவர் பங்கையும் எழுதுவீர்கள், உங்கள் பங்கு உங்களுக்கு வரும், அவர் பங்கு ஆளில்லாமல் நிற்கும். அதனால் அவரையும் எப்படியாவது சேரச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல ஆசை. இந்த ஏற்பாடே தொடங்கியதில் ஒரு பாடலாசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. 1847-இல் பாரிஸில் அம்பசடர் என்ற கஃபேயில் எர்னஸ்ட் பூர்ஜே என்பவர் நண்பர்களான இரண்டு இசையமைப்பாளர்களோடு உட்கார்ந்திருந்தார், அவர்கள் படைப்பைத்தான் அங்கே மேடையில் பாடிக்கொண்டிருந்தார்கள். பில் வந்ததும் பணம் தர மறுத்துவிட்டார்கள், எங்கள் பாட்டுக்கு நீ கொடுக்காதபோது உன் பானத்துக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று. வழக்கு நடந்தது, பூர்ஜே ஜெயித்தார். அதன் தொடர்ச்சியாக 1851-இல் உருவானதுதான் சாசெம், இன்றைக்கும் இயங்கும் பிரெஞ்சுச் சங்கம். வரி எழுதுகிறவர்களுக்கு இது இசையமைப்பாளர்களின் இடம் என்று ஒரு தயக்கம் இருக்கும். வேண்டாம் அது.

நடுச்சரணம்:

எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் கசப்பானதையும் யாராவது சொல்ல வேண்டும். நான் ஒரு சங்கத்தில் சேர்ந்து மூன்று வருடம் எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஒலிபரப்பானதற்குப் பதிவு என்னிடம் இருந்தது, தேதியும் நேரமும் எழுதி வைத்திருந்தேன். எழுதிக் கேட்டால் "பரிசீலனையில்" என்று ஒரு வரியில் பதில். நான்காவது வருடம்தான் காரணமே தெரிந்தது. அந்தப் பாட்டில் எனக்கு 50 சதவீதம் என்று நான் பதிந்திருந்தேன், இசையமைப்பாளர் தனக்கு 100 என்று பதிந்திருந்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர் 'இசை 100' என்ற அர்த்தத்தில் போட்டிருக்கிறார். கூட்டினால் 150. கணினி அதை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டது. யாரும் எங்கள் இருவருக்கும் ஒரு கடிதம் போட்டுச் சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஒரு போன் செய்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

அதோடு சின்ன நிலையங்களில் ஒலித்ததெல்லாம் பல இடங்களில் முழுக் கணக்கில் வருவதில்லை, மாதிரி எடுத்து அதை வைத்துப் பிரிக்கிறார்கள். அடிக்கடி ஓடும் பாட்டுக்கு அது சரியாக வரும், மாதத்தில் இரண்டு தடவை ஓடும் நம் பாட்டு அந்த வலையில் விழாமலே போகலாம்.

பழைய_கோப்பு:

நீங்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். முரண்பட்ட பங்கு என்று குறி விழுந்த படைப்புகள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன, ஆட்கள் குறைவு என்பதால் பெரிய தொகை மாட்டியிருப்பதை முதலில் எடுப்போம், சிறியது பின்னால் போகும். அது நியாயமில்லை. சிறிய தொகைக்காகக் காத்திருப்பவருக்கு அதுதான் முழுத் தொகையும்.

ஆனால் நிற்பதில் கணிசமான பங்கு பெயர்ப் பொருத்தத்தில் நிற்கிறது, நம்மவர்களுக்கு அது இன்னும் அதிகம். ஒரு தடவை ஒரே பாடலாசிரியர் எங்கள் பட்டியலில் ஐந்து ஆளாக இருந்தார். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில், ஒன்றில் புனைபெயர், ஒன்றில் புனைபெயரிலேயே 'ழ'-வுக்கு வேறு ரோமன் எழுத்து. பாட்டுத் தலைப்பும் இப்படித்தான், நெடிலுக்கு ஒருவர் எழுத்தை இரட்டிப்பார், இன்னொருவர் மாட்டார். எங்கோ ஒரு நாட்டில் வானொலிப் பட்டியலைக் கணினியில் ஒப்பிடுகிறவருக்கு அவை வேறு வேறு பாட்டு. வரிக்குயில், சேர்ந்ததும் உங்களுக்கு ஐ.பி.ஐ. எண் என்று ஒன்று வரும், உலகம் முழுக்க உங்களை அடையாளம் காட்டுவது அதுதான், பெயர் இல்லை. புனைபெயரில் எழுதுகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்துப் பதியுங்கள், அதற்கும் எண் உண்டு. தலைப்பைப் பதியும்போது மாற்றுத் தலைப்பு என்ற கட்டம் இருக்கும், ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் அங்கே போடுங்கள். வெட்கப்படாமல் ஆறு ஏழு போடுங்கள்.

யாருடையது என்று தெரியாமல் நிற்கும் பணம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கின் பிரதியெடுக்கும் உரிமைக்காக எம்.எல்.சி. என்ற அமைப்பு 2021 ஜனவரியில் வேலையைத் தொடங்கியபோது, அதுவரை உரியவர் தெரியாமல் தளங்கள் வைத்திருந்த தொகை என்று அதனிடம் வந்து சேர்ந்தது ஏறத்தாழ 42 கோடியே 40 லட்சம் டாலர். ஒரே நாட்டில், ஒரு வகை உரிமைக்கு மட்டும்.

ஒற்றை_மைக்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் படத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒரே தொகை வாங்கிக்கொண்டு "சகல உரிமையும்" என்று கையெழுத்துப் போட்டாயிற்று. என் மாதிரி ஆட்களுக்கு இனி ஒன்றும் இல்லை, அப்படித்தானே?

சுருதிப்பெட்டி:

அப்படி முடிவு கட்டாதீர்கள், எந்த நாட்டுச் சட்டம், எந்த வருட ஒப்பந்தம் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, படத்துக்கு எழுதிய பாட்டு திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் சமபங்கு ஆசிரியருக்கு உண்டு. அதை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, விட்டுக்கொடுத்ததாக எழுதிய ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது. அமெரிக்காவில் கூலிக்குச் செய்த வேலை என்று உரிமை முழுவதும் ஸ்டுடியோவுக்குப் போனாலும், பொது நிகழ்த்தலில் எழுத்தாளர் பங்கு என்ற பகுதி எழுதியவருக்கே சங்கத்திலிருந்து நேரடியாக வருவது அங்குள்ள நடைமுறை. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பதிப்புரிமை தெரிந்த வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அப்புறம் படத்தின் கியூ ஷீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள், எந்தப் பாட்டு எத்தனை நொடி, யார் எழுதியது என்ற பட்டியல் அது. படம் தொலைக்காட்சியில் ஓடும்போது பணம் பிரிவது அதை வைத்துத்தான். அதில் பாடலாசிரியர் பெயர் விட்டுப்போவது நான் கண்ணால் பார்த்தது.

(வக்கீலிடம் பேசும்போது 'காப்புரிமை' என்று சொல்லாதீர்கள், சிலர் அதைப் புதுக் கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். பதிப்புரிமை என்றே சொல்லுங்கள்.)

வரிக்குயில்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று நண்பரிடம் இந்த இழையைக் காட்டினேன். அந்த 150 சதவீதக் கதையைப் படித்ததும், நானும் சேர்கிறேன் என்றார்.

ஆனால் பிரிப்பதில்தான் சிக்கல். 14-இல் 10 பாட்டுக்கு மெட்டு முதலில் வந்தது, அவர் தத்தகாரத்தில் பாடி அனுப்புவார், நான் அதற்குள் வார்த்தை தேடுவேன். நான்கு பாட்டுக்கு என் வரி முதலில். அவர் மெட்டு முதல் பாட்டுகளில் தனக்கு 60 என்கிறார். பாடிய தோழி ஒரு பாட்டில் சரணத்தின் இரண்டு வரியை வாய்க்கு வசதியாக மாற்றிப் பாடினாள், அது உண்மையாகவே நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது, அப்படியே வைத்துக்கொண்டோம். அவளுக்குப் பங்கு உண்டா?

நடுச்சரணம்:

எது முதலில் வந்தது என்பதை வைத்துப் பிரித்தால் முடிவே இருக்காது. மெட்டுக்குள் வார்த்தையை உட்கார வைப்பது சும்மா எழுதுவதைவிடக் கஷ்டம் என்று நான் சொல்வேன், அவர் வேறு சொல்வார். பல இடங்களில் வரிக்குப் பாதி, இசைக்குப் பாதி என்பதே எளிய வழக்கம், சில சங்கங்களில் விதியே அப்படி, நீங்களாக மாற்றவும் முடியாது. விதி எதுவென்று பார்த்துவிட்டு, இடம் இருந்தால் பேசி முடிவு செய்யுங்கள். 60 என்று ஒத்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, இருவர் படிவத்திலும் அதே எண் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

நாங்கள் இப்போது செய்வது இது. பாட்டு முடிந்த அன்றைக்கே, மிக்ஸிங்குக்குப் போகும் முன், ஸ்டுடியோவிலேயே ஒரு தாளில் தலைப்பு, தேதி, ஒவ்வொருவர் பெயர், ஐ.பி.ஐ. எண், யார் வரி, யார் இசை, எத்தனை சதவீதம், கீழே எல்லோர் கையெழுத்தும். கூட்டினால் 100 வருகிறதா என்று அங்கேயே ஒருவர் சத்தமாகக் கூட்டிச் சொல்வார். போனில் போட்டோ எடுத்து எல்லோரும் வைத்துக்கொள்வோம்.

பழைய_கோப்பு:

தோழி விஷயம். பாடியதற்காக அவருக்கு உரியது பாடகர் என்ற முறையில், ஒலிப்பதிவுப் பக்கத்தில், அதற்குப் பல நாடுகளில் தனிச் சங்கம் இருக்கிறது. இரண்டு வரி எழுதியது வேறு. அவர் வார்த்தை நிஜமாகவே பாட்டில் இருக்கிறது என்றால் பாடலாசிரியர் பங்கில் ஒரு பகுதி அவருக்கு உண்டு, அது வரிக்கான பாதிக்குள்ளிருந்துதான் வரும், அதாவது உங்கள் பங்கிலிருந்து. எவ்வளவு என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். படிவத்தில் ஆளுக்கு ஒரு எழுத்து இருக்கும்: 'ஏ' என்றால் பாடலாசிரியர், 'சி' என்றால் இசையமைப்பாளர், 'ஈ' என்றால் பதிப்பாளர். அவர் பெயருக்கும் 'ஏ' போடுங்கள்.

பப்ளிஷர் யாரும் இல்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். "பதிந்து தருகிறேன்" என்று உதவிக்கு வருகிறவர் யாராவது தன் பெயரை அங்கே எழுதச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள், வழக்கமான கணக்கில் பதிப்பாளர் பங்கு 50 சதவீதம் வரை போகும்.

வரிக்குயில்:

ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்தோம். நான்கு மணி நேரம். 13 பாட்டுக்குத் தாள் தயார், வரிக்கு 50, இசைக்கு 50. அந்த ஒரு பாட்டில் வரிக்கான 50-இல் தோழிக்கு 10. முதலில் வேண்டாம் என்றாள், அப்புறம் கையெழுத்துப் போடும்போது பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். தன் பெயருக்கு எதிரே பாடலாசிரியர் என்று எழுதியதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறாளாம்.

14-வது பாட்டுதான் பாக்கி. அதன் பல்லவி வாய்மொழியாக வந்த பழைய பாட்டு, எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. சரணம் மூன்றும் என்னுடையவை. பல்லவிக்கான மெட்டும் பழையதே, சரண மெட்டு நண்பருடையது. இதை எப்படிப் பதிவது?

பழைய_கோப்பு:

முழுவதும் உங்களுடையது என்று பதிய வேண்டாம். அசல் படைப்பு என்ற கட்டத்தை விட்டுவிட்டு, மரபுப் பாடலின் தழுவல் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், மூல ஆசிரியர் இடத்தில் 'மரபு' என்று வரும். சரணத்துக்கு உங்கள் பெயர், சரண மெட்டுக்கு அவர் பெயர். பொதுச் சொத்திலிருந்து எடுத்த பகுதிக்கு முழுப் பங்கு வராது, எத்தனை சதவீதம் அனுமதி என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். வரிகளின் பிரதியையும் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பக் கேட்பார்கள், ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அனுப்பும்போது எது பழைய வரி, எது உங்கள் வரி என்று இரண்டு நிறத்தில் குறித்து அனுப்புங்கள், எனக்கு அப்படி வந்த கோப்புகளை அன்றைக்கே முடித்துக் கொடுத்திருக்கிறேன்.